வெட்கப்படும் பட்டன்

குடிநீர் வாரியம் என்பது மக்களுக்குக் குடிநீர் வழங்குவதற்காக ஏற்படுத்தப்பட்ட அமைப்பு என்று அதன் வாசலில் கல்லில் பொறித்திருக்கிறார்கள். கல்லில் பொறித்ததை அழிப்பது கஷ்டம் என்பதால் அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அந்த வாரியத்துக்கு ஒரு இணையதளம் இருந்தது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, நடுவில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக ஒரு சிவப்புப் பட்டன். அதன் மேல் 'தண்ணீர் வரவில்லை' என்று எழுதியிருக்கும். தண்ணீர் வராதவர்கள் அதை அழுத்துவார்கள். முகவரி கேட்கும், கொடுப்பார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ பழுதுபார்க்கும் பிரிவிலிருந்து வண்டியில் ஆட்கள் வந்து, தெருவைத் தோண்டி, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, குழாயை அடைத்துக்கொண்டிருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போவார்கள். தண்ணீர் வரும். தோண்டிய குழி அப்படியே கிடக்கும். அது வேறு துறை.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு அலுவலகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லாத காரியம் எத்தனை நாள்தான் தாக்குப்பிடிக்கும்?

வாரியத்தின் இயக்குநர் ஒரு கருத்தரங்குக்குப் போனார். 'நவீன நிர்வாகத்தில் அழகியலின் பங்கு' என்பது தலைப்பு. காலை அமர்வு முழுக்க நிம்மதியாகத் தூங்கியவருக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் பாக்கியில்லாததால் முழித்துக்கொண்டிருக்க நேர்ந்தது. அப்போது காலர் இல்லாத சட்டை போட்ட ஒரு நிபுணர் மேடையேறி, "இணையதளம் என்பது தகவல் அல்ல, அது ஒரு அனுபவம்" என்றார். கூட்டம் கைதட்டியது. இயக்குநரும் தட்டினார். தட்டத் தட்டத்தான் அவருக்கு விஷயம் புரிந்தது.

திரும்பி வந்ததும் முதலில் சட்டைக் காலர்களை வெட்டினார். அதைப் பார்த்த துணை இயக்குநர் மறுநாளே தன் காலரையும் வெட்டிக்கொண்டு வந்தார். துணை இயக்குநருக்கு அலுவலகத்தில் 'அதே' என்று பெயர். இயக்குநர் எதைச் சொன்னாலும் "அதே, அதே" என்பார். சொல்வதற்கு முன்பும் சில தடவை சொல்லியிருக்கிறார். அந்த வாரக் கடைசிக்குள் வாசலில் நிற்கும் காவலாளிவரைக்கும் கழுத்து மொட்டையாகிவிட்டது.

அடுத்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'வாரியத்தின் இணையதளமானது காலத்துக்கேற்ற அழகியல் விழுமியங்களை உள்வாங்கி, கலையும் வலையும் கைகோக்கும் ஓர் அனுபவ வெளியாக உருமாற்றம் செய்யப்பட வேண்டும் என இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது.' யாருக்கு அறிவுறுத்தப்படுகிறது என்று அதில் இல்லாததால் எல்லோரும் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலையைப் பார்த்தார்கள். கடைசியில் இயக்குநரே ஆள் தேடினார். அகப்பட்டவர்கள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும்.

அவர் வலைக்காரர். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் இணையதளம் கட்டிக் கொடுப்பவர். அவள் ஓவியக்காரி. அந்தத் தளங்களுக்கு வேண்டிய படங்களை நீர்வண்ணத்தில் கையால் வரைந்து கொடுப்பவள். வீட்டின் முன்னறைதான் இருவருக்கும் அலுவலகம். ஜன்னல் பக்கம் அவளுடைய பலகை; சுவர்ப் பக்கம் அவருடைய கம்ப்யூட்டர். நடுவில் நாற்காலி நகர இடமில்லாததால் ஒருவர் எழுந்தால் இன்னொருவரும் எழுந்தாக வேண்டும். அவர்கள் வீடு மாடியில். கீழே தரைத்தளத்தில் அவளுடைய அக்கா பியூட்டி பார்லர் வைத்திருந்தாள்.

ஓவியக்காரிக்கு ஒரு ஆதங்கம் உண்டு. டயர் கடைத் தளத்துக்கு அவள் மூன்று வாரம் உழைத்து ஒரு டயர் வரைந்தாள். கடைக்காரர் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, ஏன் கறுப்பா இருக்கு?" என்றார். கால்நடை வைத்தியருக்கு ஒரு பூனை வரைந்தாள். அவர் அதை நாயாக மாற்ற முடியுமா, வால் மட்டும் திருத்தினால் போதுமே என்று கேட்டார். தன் கையால் உருப்படியாக ஒன்று வரைந்து, அதை ஊரே பார்த்து, ஒருத்தராவது 'அடடா' என்று சொல்ல வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஆகவே வாரியத்தின் அழைப்பு வந்ததும் இருவரும் இருப்பதிலேயே நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு கிளம்பினார்கள்.

"தண்ணீரை நான் பார்க்கக் கூடாது," என்றார் இயக்குநர். "உணரணும்."

"அதே, அதே."

"பார்க்காம எப்படி சார் உணர்றது?" என்று வலைக்காரர் கேட்டார்.

"எங்க தெருவுல பாதி நாள் அப்படித்தானே உணர்றோம்," என்றாள் ஓவியக்காரி. வலைக்காரர் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார்.

இயக்குநர் அதைக் கவனிக்கவில்லை. "கரெக்ட்!" என்றார். "அந்த ஏக்கம் இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு வேணும்."

அவள் முதலில் ஒரு நீர்த்துளி வரைந்து கொண்டுபோனாள். கூட்டம் போட்டுப் பார்த்தார்கள். கண்ணீர் மாதிரி இருக்கிறது, வாரியமே உட்கார்ந்து அழுவதுபோல் ஆகிவிடும் என்று ஆட்சேபம் வந்தது. தலைகீழாகத் திருப்பினார்கள். வெங்காயம் மாதிரி இருந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று வைத்தார்கள். இரண்டு கண் முறைப்பதுபோல் இருந்தது. துளி வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

பிறகு நிறம். அவள் நீலத்தில் நாலு வகை கொண்டுபோயிருந்தாள்.

"தண்ணின்னா நீலம்னு சின்னக் குழந்தைகூட எதிர்பார்க்கும்," என்றார் இயக்குநர். "எதிர்பார்க்கிறதைக் கொடுக்கிறதா கலை?"

"நம்ம வாரியம் என்னைக்கு சார் எதிர்பார்த்ததைக் கொடுத்திருக்கு?" என்றார் அதே, பெருமையாக.

ஆக, காய்ந்த மணலின் நிறம் முடிவானது.

பிறகு காலியிடம். பக்கம் மூச்சு விட வேண்டும், எழுத்து எல்லாம் அதன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று இயக்குநர் வருத்தப்பட்டார். தொலைபேசி எண்ணை எடுத்தார்கள். பக்கம் கொஞ்சம் மூச்சு விட்டது. எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்ற அட்டவணையை எடுத்தார்கள். நன்றாகவே மூச்சு விட்டது. வாரியத்தின் முகவரியையும் எடுத்தபிறகு, பக்கம் தூங்குகிற குழந்தை மாதிரி அமைதியாக இருந்தது. அதன் நடுவில் சிவப்புப் பட்டன் மட்டும் நின்றது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"இது யாரு?" என்றார் இயக்குநர்.

"புகார் பட்டன் சார்," என்றார் வலைக்காரர். "இதுக்குத்தான் சார் ஜனங்க தளத்துக்கே வர்றாங்க."

"இதுக்கு மட்டும்தான் வர்றாங்க. வேற எதுக்கும் வராம போனதுக்கும் இதுதான் காரணம். சிவப்பு! ஒரு மனுஷன் நல்ல மனநிலையோட உள்ளே நுழையறான். சிவப்பைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் வருது. கோபம் வந்ததும் வீட்டுல தண்ணி இல்லேங்கிறது ஞாபகத்துக்கு வருது. யாரு தப்பு?"

"பட்டன் தப்பு," என்றார் அதே.

நிறம் போனது. பிறகு வாசகம். 'தண்ணீர் வரவில்லை' என்பது எதிர்மறைச் சொல் என்பதால் 'புகார்' ஆனது. 'புகார்' கடுமையாக இருந்ததால் 'பகிர்வு' ஆனது. 'பகிர்வு' என்றால் வாரியம் எதையோ பங்குபோட்டுக் கொடுக்கப்போகிறது என்று ஜனங்கள் தப்பாக நினைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் பிரிவில் பயந்தார்கள். 'தாகம்' என்று ஒரு ஒற்றைச் சொல் நாலு நாள் இருந்தது. அதையும் இயக்குநர் கடைசியில் கைவிட்டார்.

"சொல்லே வேண்டாம். ஒரு இலை போடுங்க. ஒரே ஒரு இலை. யாருக்குத் தண்ணி வேணுமோ அவங்களுக்கு இலையைப் பார்த்தா புரியும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஓவியக்காரி பொரிந்து தள்ளினாள். "இலையைத் தொட்டா புகார்னு எவனுக்குங்க தெரியும்? ஆடு மாடு வேணா வந்து தொடும்."

"நமக்கெதுக்கு? கேக்கிறதைச் செய்வோம்."

"நாளைக்கு நம்ம வீட்டுல தண்ணி வரலைன்னா?"

"நமக்குத்தான் இலை தெரியுமே," என்றார் வலைக்காரர்.



அவள் கோபத்தோடுதான் வரைய உட்கார்ந்தாள். ஆனால் தூரிகை தாளில் பட்டதும் கோபம் எங்கேயோ போய்விட்டது. நரம்பு ஒவ்வொன்றையும் மயிரிழைத் தூரிகையால் இழுத்தாள். ஓரத்தில் வெயில் பட்டுக் கண்ணாடிபோல் ஆகிற இடத்தை, தாளின் வெள்ளையைத் தொடாமல் விட்டே கொண்டுவந்தாள். காம்பில் ஒரு சின்ன வளைவு. இப்போதுதான் மரத்தைவிட்டு வந்ததுபோல். வரைந்து முடித்து எட்ட நின்று பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கியது. அவள் மனசாட்சி ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டாள்.

"அடடா," என்றார் வலைக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் 'அடடா' அது.

அவருக்கும் கை அரித்தது. இவ்வளவு அழகான இலை சும்மா நிற்கலாமா? விரல் நெருங்கினால் காற்றில் அசைவதுபோல் மெல்ல விரலை நோக்கி வரட்டும் என்று எழுதினார். எழுதும்போது கூட்டல் போட வேண்டிய இடத்தில் கழித்தல் போட்டுவிட்டார். இலை விரலைக் கண்டதும் நழுவி விலகிப் போனது. திருத்துவதற்குள் இயக்குநர் பார்த்துவிட்டார்.

"வெட்கப்படுது!" என்று நாற்காலியைவிட்டு எழுந்தார். "அதே, பாருங்கய்யா, வெட்கப்படுது!"

"அதே சார்! புதுப்பொண்ணு மாதிரி!"

"சார், அது வந்து... தப்பு..." என்று வலைக்காரர் ஆரம்பித்தார்.

"பெரிய கலையெல்லாம் தப்புலதான் பிறக்கும். கையை வைக்காதீங்க."

"அப்போ யாராவது அழுத்தணும்னா என்ன சார் பண்றது?"

"பொறுமையா இருக்கணும்," என்றார் இயக்குநர். "கலையை அவசரமா அழுத்தக் கூடாது."

வலைக்காரர் அதற்குமேல் வாதாடவில்லை. பல வருஷ வேலையில் அவர் செய்த தப்பை யாரும் இப்படி எழுந்து நின்று பாராட்டியதில்லை.

தொடக்க விழா அமர்க்களமாக நடந்தது. மண்டபத்துக் குழாயில் தண்ணீர் வராததால் மேடையில் இருந்தவர்களுக்குப் பாட்டில் வாங்கி வைத்தார்கள். திரையில் இலை தோன்றியது. முக்கிய விருந்தினர் தொடப் போனார். அது நழுவியது. மறுபடி போனார், மறுபடி நழுவியது. மேடையில் அவர் திரையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓட, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஓவியக்காரி கூட்டத்தில் காது கொடுத்துக் கேட்டாள். நாலா பக்கமும் 'அடடா' கேட்டது.

அந்த மாதம் வாரியத்துக்கு வந்த புகார்கள் பாதியாகக் குறைந்தன. அடுத்த மாதம் அறவே நின்றன. வாரியம் தோன்றிய காலம் தொட்டு அப்படி ஒரு மாதம் இருந்ததில்லை. 'பொதுமக்கள் முழு மனநிறைவு எய்தியுள்ளமை புள்ளிவிவரங்களால் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படுகிறது' என்று அறிக்கை வெளியானது.

புகார் இல்லையென்றால் பழுது இல்லை. பழுது இல்லையென்றால் பழுதுபார்க்கும் பிரிவு எதற்கு? அந்த ஆட்களை அனுபவப் பிரிவுக்கு மாற்றினார்கள். மண்வெட்டியையும் கடப்பாரையையும் மூலையில் சாய்த்துவிட்டு, அவர்கள் காலையிலிருந்து மாலைவரை திரையில் இலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பச்சை மங்கினால் சொல்ல வேண்டும். முதல் வாரம் கொட்டாவி விட்டார்கள். இரண்டாம் வாரம் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தார்கள், குழாய்க்காக அல்ல, பச்சைக்காக.

மற்ற துறைகளுக்குப் பொறுக்குமா? மின்சார வாரியம் தன் தளத்தை முழுக்க இருட்டாக்கியது. போக்குவரத்துத் துறையின் தளம் உள்ளே நுழைந்தால் வெளியே வர வழியில்லாமல் வளைந்து வளைந்து போனது. தீயணைப்புத் துறை தன் தொலைபேசி எண்ணை ஒரு கவிதைக்குள் ஒளித்து வைத்தது. கவிதை நன்றாகவே இருந்தது என்று, வீடு எரிந்துகொண்டிருந்தபோது அதைப் படித்த ஒருவர் சொன்னார்.

இந்தச் சமயத்தில்தான் ஓவியக்காரியின் தெருவில் குழாய் அடைத்துக்கொண்டது.

அன்றைக்குக் காலையில் அக்காவின் பார்லரில் ஒரு வாடிக்கையாளர் அம்மாள் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். மத்தியானம் அவருக்கு முக்கியமான விசேஷம் ஒன்று இருந்தது. அக்கா தலை நிறைய ஷாம்பூ போட்டு, தேய்த்து, நுரையை மலைபோல் எழுப்பி, அலசுவதற்குக் குழாயைத் திருகினாள். குழாய் ஒரு தடவை இருமியது. அப்புறம் பேசவில்லை.

அக்கா போனை எடுத்துத் தளத்தைத் திறந்தாள். மணல் நிறம். இலை. தொட்டாள். நழுவியது. இன்னொரு விரலால் தொட்டாள். அந்தப் பக்கம் ஓடியது. மாடிக்குக் குரல் கொடுத்தாள்.

"அடியே! இறங்கி வாடி! உன் இலையைப் பிடிச்சுக் கொடு!"

ஓவியக்காரி கையில் தூரிகையோடு ஓடி வந்தாள். பின்னால் வலைக்காரர்.

"அக்கா, மெதுவா. ஓரமா ஒதுக்கி, மூலையில மடக்கிப் பிடிக்கணும்," என்றார் அவர்.

"என்ன தம்பி இது, கோழியா பிடிக்கிறோம்?"

"நீங்க அந்தப் பக்கம் விரலை வைங்க. நான் இந்தப் பக்கம் மறிக்கிறேன்."

"கண்ணு எரியுது," என்றார் நுரைக்குள்ளிருந்து அம்மாள்.

"இதோ ஆச்சும்மா, தண்ணி வந்துரும்," என்று சொல்லிக்கொண்டே அக்கா இலையைத் துரத்தினாள். மூன்று பேரும் ஒரு போனைச் சுற்றிக் குனிந்து, ஆளுக்கொரு விரலால் விரட்டியதில், இலை ஒருவழியாக மூலையில் மாட்டியது. வலைக்காரர் அழுத்தினார். உடனே திரையில் மெல்ல ஒரு வாசகம் மலர்ந்தது: 'உங்கள் வருகை எங்களை நெகிழச் செய்கிறது.' அவ்வளவுதான். முகவரி கேட்கும் பெட்டி, மூச்சு விடுவதற்காக எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது.

"இதை யாருடி எடுத்தது?" என்றாள் அக்கா.

ஓவியக்காரி புருஷனைப் பார்த்தாள். புருஷன் கூரையைப் பார்த்தார்.

அதற்குள் நுரை காய ஆரம்பித்தது. விசேஷத்துக்கு நேரமாகிவிட்டது. வேறு வழியில்லை. அக்கா காய்கிற நுரையைச் சீப்பால் அங்கங்கே இழுத்து, முறுக்கி, ஒரு பக்கம் அலைபோல் தூக்கி நிறுத்தி, "இது புதுசும்மா, இப்போதான் வந்திருக்கு" என்று வாய் கூசாமல் சொல்லி அனுப்பிவிட்டாள். அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த அம்மாள் ஊர் முழுக்கத் தன் மானத்தை வாங்கிவிடுவார் என்று நினைத்தாள்.

சாயங்காலம் கதவைத் தட்டிக்கொண்டு ஐந்தாறு பெண்கள் நின்றார்கள்.

"விசேஷத்துல ஒருத்தங்க தலையைப் பார்த்தோம். அதே மாதிரி வேணும்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்க, ஆனா கொஞ்சம் நேரம் எடுக்கும், கலை இல்லையா?" என்றாள்.

ஒரு மாதத்துக்குள் 'ஈரமில்லா அலங்காரம்' ஊரைப் பிடித்துக்கொண்டது. வெள்ளை வெளேரென்று காய்ந்த தலையோடு பெண்களும் ஆண்களும் தெருவில் நடந்தார்கள். தலையைச் சொறிய முடியாது, சாய்ந்து படுக்க முடியாது, மழை வந்தால் ஓட வேண்டும். ஆனாலும் தலை அலசியவர்களைக் கண்டால் ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்தார்கள். அக்கா பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்து, வேலைக்கு ஆள் வைத்தாள்.

மாடியில்தான் கஷ்டம். குழாயில் காற்று மட்டும் வந்தது. லாரித் தண்ணீர் தெருமுனையோடு நின்றுவிடும். வலைக்காரர் பக்கெட் பக்கெட்டாக மாடிக்குத் தூக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஓவியக்காரி பாத்திரம் கழுவிய தண்ணீரில் தரையைத் துடைத்தாள். தரை துடைத்த தண்ணீரை என்ன செய்வது என்று யோசித்தாள்.

"போதுங்க," என்றாள் ஒருநாள். "போய்ச் சொல்லிருவோம். அந்தச் சிவப்புப் பட்டனைத் திரும்ப வைக்கச் சொல்லுவோம். தெருவுல நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போனா கேப்பாங்க. முதல்ல அக்காவைக் கூப்பிடுறேன்."

அக்கா கண்ணாடி முன் நின்று ஒருவர் தலையை முறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தங்கையை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்குப் பைத்தியமாடி? தண்ணி வந்தா எல்லாரும் தலையை அலசிக்கிட்டுப் போயிருவாங்க. என் பிழைப்பு என்ன ஆகுறது?"

"வீட்டுல குடிக்கத் தண்ணி இல்லைக்கா."

"பாட்டில் வாங்கித் தரேன். நீ வாயை மட்டும் வச்சுக்கிட்டு சும்மா இரு."

கடைசியில் இரண்டு பேர் மட்டும் போனார்கள். வாரியத்தில் இயக்குநர் எழுந்து வந்து வரவேற்றார். அவருக்கு முன்மண்டையில் முடி இல்லாததால் இருக்கிற ஓரத்தில் மட்டும் நுரை நின்றது. 'அதே'யோ முழுத் தலையிலும் நுரையோடு வந்திருந்தார். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினார்.

"சார், எங்க தெருவுல தண்ணி வரலை," என்றாள் ஓவியக்காரி.

"அப்படியா? புகார் ஒண்ணும் வரலையே?"

"புகார் கொடுக்க முடியலை சார். இலை ஓடுது."

"அது ஓடுறது உங்களுக்குத் தெரியும். ஆனா வாரியத்துக்குத் தெரியணும்னா முறைப்படி தெரியணும். புகார் கொடுக்க முடியலைன்னு ஒரு புகார் கொடுங்க."

"எங்கே சார்?"

"தளத்துலதான்."

"அதே, அதே," என்றார் அதே.

வலைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் எழுந்துகொண்டாள். வெளியே வந்து படி இறங்கும்போது அவள் சொன்னாள்: "தளத்தோட பாஸ்வேர்டு இன்னும் உங்ககிட்டதானே இருக்கு?"

வலைக்காரர் படியிலேயே நின்றுவிட்டார். "வேலை போயிரும்."

"இடுப்பு போறதுக்கு அது மேல்."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவர் இலையை எடுத்தார். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். சிவப்புப் பட்டன் திரும்ப வந்தது, முன்னைவிடப் பெரிதாக. 'தண்ணீர் வரவில்லை' என்ற எழுத்து கண்ணைக் குத்தியது. கீழே முகவரிக்கும் விவரத்துக்கும் பெட்டி. முதல் ஆளாக வலைக்காரரே அழுத்தி, தன் முகவரியைக் கொடுத்து, 'எங்கள் தெருவில் பல வாரமாகத் தண்ணீர் வரவில்லை' என்று எழுதினார்.

பிறகு இருவரும் காத்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் புகார்கள் வர ஆரம்பித்தன. ஒன்று, பத்து, அப்புறம் எண்ண முடியாதபடி. வலைக்காரர் துள்ளிக் குதித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பார்த்தியா! ஊரே கொதிச்சுப் போயிருக்கு! படி, படி!"

அவள் முதலாவதைப் படித்தாள். 'இலை எங்கே?'

அடுத்தது: 'இந்தச் சிவப்புப் பட்டனை வைத்த ரசனை கெட்டவர் யார்?'

அடுத்தது: 'என் குழந்தை தினமும் அந்த இலையைத் துரத்தித்தான் சோறு சாப்பிடும். இன்றைக்குப் பட்டினி.'

அவர்களுடைய தெருமுனையிலிருந்தே ஒருவர் எழுதியிருந்தார்: 'வீட்டில் தண்ணீர் இல்லை, அது பழகிவிட்டது. ஆனால் இந்தச் சிவப்பைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. உடனே நடவடிக்கை எடுக்கவும்.'

ஒரு பெண்மணி நீளமாக எழுதியிருந்தார். நடை தெரிந்த நடையாக இருந்தது. கடைசியில், 'கலையை மதிக்கத் தெரியாதவர்கள் தலை அலசிக்கொண்டு திரியட்டும்' என்று முடித்திருந்தார். ஓவியக்காரி கீழ்த்தளத்தை நோக்கி ஒரு பார்வை பார்த்தாள்.

பழுதுபார்க்கும் பிரிவிலிருந்தும், அதாவது அனுபவப் பிரிவிலிருந்தும், எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு புகார் வந்திருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த பச்சை திடீரென்று மறைந்துவிட்டதாம். கை ஓடவில்லை, கால் ஓடவில்லையாம்.

வாரியம் தன் சரித்திரத்திலேயே முதல்முறையாகப் பொதுமக்கள் புகார்மீது அன்றைக்கே நடவடிக்கை எடுத்தது. 'மக்கள் குரலே மகேசன் குரல் என்னும் கோட்பாட்டின்படி' இலையைத் திரும்ப வைக்க உத்தரவு வந்தது. பட்டனை வைத்தது யார் என்று விசாரிக்கவில்லை. இத்தனை பேருக்கு இலைமேல் பாசம் இருப்பது இதனால்தானே தெரியவந்தது என்று இயக்குநர் மகிழ்ந்துபோனார். அதோடு, பருவத்துக்கு ஒன்றாகப் புதுப்புது இலைகள் வரைந்து தர ஓவியக்காரியை நிரந்தரமாக அமர்த்தினார்.

வந்த புகார்கள் அத்தனையிலும் தண்ணீரைப் பற்றி இருந்தது ஒன்றே ஒன்று. அதற்கும் முறைப்படி பதில் வந்தது. 'அதே'தான் கையெழுத்திட்டிருந்தார். 'தங்கள் கருத்து வடிவமைப்பு தொடர்பானதாக இல்லாமையால் ஏற்பதற்கில்லை என வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.'

வலைக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு நாக்கு வறண்டு, சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். பானை, பக்கெட், பாட்டில் எல்லாம் காலி. லாரி நாளைக்குத்தான். மேடையில் ஒரு டம்ளரில் மட்டும் தண்ணீர் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். அவள் புது இலைக்குப் பாதி வண்ணம் பூசியிருந்தாள். இது உதிரப்போகிற இலை. ஓரத்தில் மஞ்சள் ஏறியிருந்தது. நடுவில் இன்னும் பச்சை. இரண்டும் கலக்கும் இடத்தில் தூரிகையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல இருக்கிறது இவ்வளவுதான்," என்றார். "ஆளுக்குப் பாதியாக் குடிச்சிருவோமா?"

அவள் டம்ளரைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள்.

"பச்சை காஞ்சிரும்ங்க," என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டம்ளரை அவள் பலகைமேல் வைத்தார். அவள் தூரிகையை அதில் விட்டுக் கலக்கினாள். தண்ணீர் மெல்லப் பச்சையாகியது.

"அடடா," என்றார் வலைக்காரர்.